மழையை அளந்தவர்கள்

படவேடு என்றதும் நம்மில் பலருக்கு ரேணுகாம்பாள் கோயிலும் ஆடி வெள்ளிக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். சம்புவராயர்கள் தலைநகராகக் கொண்ட ஊர் அது. ஜவ்வாது மலை அடிவாரத்தில், கமண்டல நதிப் பக்கம் இருக்கிறது. மலையில் பெய்கிற மழைதான் ஊருக்கு வாழ்வு. சில சமயம் ஆபத்தும் அதுவே. அந்த மழையை யார் கவனிக்கிறார்கள்?

நம் நாட்டில் வானத்தைக் கவனிக்கிற வேலை சர்க்கார் ஆபீஸில் மட்டும் வளரவில்லை. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சென்னை எழும்பூரில் தன் சொந்த முயற்சியில் ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தார். பிறகுதான் கம்பெனி அதை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் எழுப்பியது. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்ற முன்னாள் கப்பல் தலைவர், மாலுமிகளின் நாட்குறிப்புகளைச் சேர்த்துப் புயல்களை ஆராய்ந்தார். 'சைக்ளோன்' என்ற பெயரே 1848-இல் அவர் வைத்ததுதான். இந்திய வானிலைத் துறை பிறந்தது அதற்கு 27 வருஷம் கழித்து, 1875-இல்!

அந்த ஆர்வம் இன்றும் விடவில்லை. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானைத் தெரியாதவர் உண்டா? அவரைப் போன்ற ஆர்வலர்கள் ராடார் படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னக் காற்றழுத்தத் தாழ்வைக்கூட விடமாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மணிக்கு 62 கிலோமீட்டர் வேகம் இருந்தால்தான் 'புயல்' என்று பெயர். ஆக, பெயர் காற்றுக்குத்தான், மழைக்கு அல்ல.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 'அப்பாடா, போச்சு' என்றுதான் யாருக்கும் தோன்றும். மறுநாள் அது வலுவிழந்தது. ஆனால் சீக்கிரம் நகரவில்லை. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் சரிந்து வீட்டை மூடியதில் 7 பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில், ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. ஒரு சதுர மீட்டருக்கு 500 லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலையில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும், அடுத்ததில் தூறும். எல்லா இடத்திலும் அரசு மழைமானி வைக்க முடியாது. தம்பி தங்கைகளே, நீங்கள் வைக்கலாம். நேரான பக்கமுள்ள ஒரு பாத்திரம், ஒரு அளவுகோல், ஒரு நோட்டு போதும். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். பத்து வருஷ நோட்டு ஒன்று கையில் இருந்தால், மலையடிவார ஊர்க்காரர்களிடம் எப்போது விலகச் சொல்ல வேண்டும் என்பதற்கு அது ஒரு ஆதாரமாகும்.