காலுக்குத் திசை சொன்ன கதை

இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில்கூட ஆர்டுயினோ, ராஸ்பெர்ரி பை என்று சின்னப் பலகைகளைப் பார்க்கிறோம். 'பின்மோட்' என்று ஒரு வரி எழுதினால் போதும், ஒரு கால் இன்புட்டா அவுட்புட்டா என்று முடிவாகிவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய 50 ஆண்டு வரலாறு இருக்கிறது.

1971இல் இன்டெல் 4004 வந்தது. ஆரம்ப கால மைக்ரோபிராசசர்களுக்கு வெளியுலகோடு பேசத் தனி ஐ.சி.க்கள் வேண்டும். பெரும்பாலும் எந்தக் கம்பி உள்ளே வருவது, எது வெளியே போவது என்பதைப் பலகை செய்யும்போதே சால்டர் வைத்து முடிவு செய்துவிடுவார்கள். பிறகு மாற்றவேண்டுமானால் பலகையில் கை வைக்கவேண்டியதுதான்.

இந்தக் கட்டை அவிழ்த்தவை இரண்டு ஐ.சி.க்கள். ஒன்று, 1974இல் 6800 பிராசசரோடு மோட்டரோலா கொண்டுவந்த 6820. இன்னொன்று, இன்டெல் தன் 8080 குடும்பத்துக்காகச் செய்த 8255. இரண்டுக்கும் 40 கால்கள். திசையைச் சால்டர் அல்ல, புரோகிராம் முடிவு செய்தது.

நம் ஊர் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேபுகளில் 8085 கிட்டோடு பழகியவர்களுக்கு 8255 பழைய நண்பன். ஏ, பி, சி என்று மூன்று போர்ட். மொத்தம் 24 கம்பிகள். 'கன்ட்ரோல் வேர்டு' என்ற ஒரே பைட்டில் எல்லாம் அடக்கம். 80 எச் என்று எழுதினால் மூன்று போர்ட்டும் அவுட்புட். 82 எச் என்றால் பி மட்டும் இன்புட். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் கீபோர்டைப் படித்ததும் ஸ்பீக்கரை இயக்கியதும் இதே ஐ.சி.தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 8255இல் 1 என்றால் இன்புட், 0 என்றால் அவுட்புட். மோட்டரோலாவில் நேர் எதிர். 6820இல் ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகத் திசை சொல்லலாம். 8255இல் ஏ, பி போர்ட்டுகளின் எட்டுக் கால்களும் ஒன்றாகத்தான் திரும்பும். 1980இல் வந்த 8051இல் திசைக்கென்று தனி ரிஜிஸ்டரே கிடையாது. காலில் 1 எழுதிவிட்டால் அதையே இன்புட்டாகப் படிக்கலாம்.

திசை தவறினால் என்ன ஆகும்? ஒரு ஸ்விட்ச் ஐ.சி.யின் காலை கிரவுண்டோடு இணைக்கிறது என்று வையுங்கள். அந்தக் கால் அவுட்புட்டாக இருந்து 1 கொடுத்தால், கரண்ட் தாறுமாறாகப் பாயும், ஐ.சி. சுடும், சில நேரம் செத்தும் போகும். மோட்டாரோ வால்வோ மாட்டியிருந்தால் பவர் போட்டவுடன் தானாக ஓடும் ஆபத்தும் உண்டு. 6820, 8255 இரண்டும் ரீசெட் ஆனவுடன் எல்லாக் கால்களையும் இன்புட்டாக வைத்துக்கொள்வது அதனால்தான். 8051இல் ரீசெட்டில் கால்கள் எல்லாம் 1 ஆகிவிடும். அதனால் 0 வந்தால்தான் ரிலே இழுக்கும்படி சர்க்யூட் போடுவது வழக்கமாயிற்று.

இத்தாலியின் இவ்ரேயாவில் படித்த கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பர்ரகான், 2003இல் 'வயரிங்' என்ற தன் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். ரிஜிஸ்டர், ஹெக்ஸ் எண் எதுவும் தெரியாத கலை மாணவர்களுக்கும் புரியவேண்டும் என்பது நோக்கம். 'பின்மோட்' வந்தது அதிலிருந்துதான். அதே ஊரில் 2005இல் பிறந்த ஆர்டுயினோ அதை உலகமெங்கும் கொண்டுபோனது. 1ஆ 0ஆ என்ற குழப்பம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது.

2012இல் வந்த ராஸ்பெர்ரி பையில் ஒவ்வொரு காலுக்கும் மூன்று பிட். இன்புட், அவுட்புட் போக வேறு ஆறு வேலைகளுக்கும் அதைத் திருப்பலாம். ஆனால் அதன் கால் தாங்குவது 3.3 வோல்ட்தான். பழைய பழக்கத்தில் 5 வோல்ட் கொடுத்தால் பலகை பாழாகலாம்.

இத்தனை மாறியும் ஒன்று மாறவில்லை. ஆர்டுயினோவிலும் சரி, பையிலும் சரி, பவர் வந்ததும் அந்தக் கால்கள் முதலில் இன்புட்டாகவே நிற்கின்றன. வீட்டில் பிள்ளைகள் பலகையில் கம்பி மாட்டினால், "இந்தக் கால் கேட்கிறதா, பேசுகிறதா?" என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.