தானமாக வந்த பள்ளத்தாக்கு

தோற்றுப்போன ஓர் இனம் தன் சுதந்திரத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று வரலாற்றாசிரியன் கேட்பதற்கும் கதாசிரியன் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. வரலாற்றாசிரியன் முடிவைத் தெரிந்துகொண்டு காரணங்களைத் தேடப் போகிறான். அதீதக் கற்பனைக் கதை எழுதுகிறவனோ உலகத்தையும் இனத்தையும் தோல்வியையும் தானே உண்டாக்கிக்கொள்கிறான். அவன் நினைத்தால் விடுதலை அடுத்த அத்தியாயத்தில் வந்துவிடும். அப்படியும் அவனால் கொடுக்க முடியாமல் போகிறதென்றால், அவனுடைய கற்பனையின் மேல் ஏதோ ஒரு வரலாறு கனத்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். போலந்துக்காரரான ஆந்த்ரேய் சாப்கோவ்ஸ்கியின் விட்சர் கதைகளில் வரும் எல்ஃப்களைப் பற்றி நான் எழுத நினைப்பது இந்தக் காரணத்தால்தான்.

இக்கதைகளில் முதலாவது 1986 டிசம்பரில் 'ஃபான்டாஸ்டிகா' என்ற போலிஷ் பத்திரிகையில் வந்தது. 1990களில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும், 1994க்கும் 1999க்கும் இடையே ஐந்து நாவல்களும் வெளியாயின. ஆங்கிலத்தின் வழியாகத்தான் நான் படித்தேன். பிற்பாடு இவை வீடியோ விளையாட்டாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது வேறு கதை. வாளும் மந்திரமும் வருகிற எழுத்தைச் சிறுவர் சமாச்சாரம் என்று தள்ளிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. டோல்கீனின் எல்ஃப்களை வைத்துப் பார்த்தால் அந்தப் பழக்கத்துக்கு ஓரளவு நியாயமும் இருக்கிறது. அவர்கள் காலம் முடிந்ததும் கப்பலேறி மேற்குக் கடலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். துக்கம் உண்டு, ஆனால் போக இடமும் உண்டு. சாப்கோவ்ஸ்கியின் எல்ஃப்களுக்குப் போக இடமில்லை. அவர்கள் மலையில் பசித்துக் கிடக்கிறார்கள்.

1993இல் வந்த 'கடைசி விருப்பம்' தொகுப்பில் 'உலகின் விளிம்பு' என்று ஒரு கதை. டோல் பிளாதன்னா, அதாவது மலர்ப் பள்ளத்தாக்கு, எல்ஃப்களுடையதாக இருந்தது. இப்போது அங்கே மனிதர்கள் உழுது பயிரிடுகிறார்கள். மலைக்குத் துரத்தப்பட்ட எல்ஃப்களுக்கு விவசாயம் தெரியாது. மண்ணைக் கீறிப் பிடுங்கித் தின்கிற இனமாகத் தங்களை அவர்கள் ஒருபோதும் நினைத்துக்கொண்டதில்லை. கொம்பும் குளம்பும் உள்ள டார்க் என்ற ஒரு பிராணி அவர்களுக்காக மனிதர்களின் வயல்களிலிருந்து விதைகளையும், பயிரிடும் வித்தையையும் திருடிக்கொண்டு போகிறது. கூலிக்கு அரக்கர்களைக் கொல்கிறவன் கெரால்ட். அவனே முழு மனிதனல்ல. அவன் எல்ஃப்களின் தலைவன் ஃபிலவாண்ட்ரெலிடம், கீழே இறங்கிப் போய் மனிதர்களோடு சேர்ந்து வாழுங்கள் என்கிறான். யாருடைய நிபந்தனையின்மேல் என்பதுதான் ஃபிலவாண்ட்ரெலின் கேள்வி. மனிதர்களின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டு, தன் அடையாளத்தைக் களைந்துவிட்டு வாழ்வதைவிடப் பசியே மேல் என்பது அவன் கட்சி.

இந்த வாதத்தில் கெரால்டின் பக்கம் விவேகம் இருப்பதாக முதலில் படுகிறது. ஆனால் சாப்கோவ்ஸ்கி அவனை அவ்வளவு சுலபமாக ஜெயிக்க விடவில்லை. 'எல்ஃப்களின் ரத்தம்' (1994) நாவலில் யார்ப்பென் ஜிக்ரின் என்ற குள்ளர் இனத்தவன் வருகிறான். மனிதர்களோடு சேர்ந்து வாழ்வதென்று முடிவெடுத்தவன். காட்டிலிருந்து போரிடும் கலகக்காரர்களை வெறுப்பவன். மன்னனின் சரக்கு வண்டிகளுக்குத் தன் ஆட்களோடு காவல் போகிறான். கலகக்காரர்கள் தாக்குகிறார்கள். அவன் தோழர்கள் சாகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, பெட்டிகளில் இருந்தது வெறும் கல். குள்ளர்களின் விசுவாசத்தைச் சோதித்துப் பார்க்க மன்னர்கள் ஏற்பாடு செய்த பயணம் அது. சேர்ந்து வாழச் சம்மதித்தவனுக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான். கடைசி நாவலில், ரிவியா நகரத்தில் மனிதரல்லாதவர்களை வேட்டையாடும் கும்பலின் முன்னால் போய் நிற்கிற கெரால்ட், ஒரு சாதாரண மனிதனின் கவைக்கோலால் குத்தப்படுகிறான். சேர்ந்து வாழுங்கள் என்று சொன்னவனுக்கு ஆசிரியர் எழுதிய பதில் இது என்று நான் வாசிக்கிறேன்.

இரண்டாவது வழி ஆயுதம். அதே நாவலில், ஷேராவெட் இடிபாடுகளுக்கு நடுவே, சிறுமி சிரிக்குக் கெரால்ட் ஒரு பழங்கதை சொல்கிறான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஏலிரென் என்ற எல்ஃப் பெண் இளைஞர்களைத் திரட்டி மனிதர்கள்மேல் போருக்குப் போனாள். மூத்தவர்களுக்குச் சம்மதமில்லை, அவர்கள் போகவில்லை. போன இளைஞர்கள் அழிந்தார்கள். எல்ஃப்கள் நூற்றாண்டுகள் வாழ்பவர்கள். ஆனால் இளமையில் மட்டுமே பிள்ளை பெறக்கூடியவர்கள். ஆகவே அழிந்தது ஒரு படை மட்டுமல்ல, பிறக்க வேண்டிய தலைமுறைகளும்தான்.

மூன்றாவது வழியில் விடுதலை உண்மையாகவே வருகிறது. தெற்கிலிருந்து படையெடுக்கும் நில்ஃப்கார்ட் பேரரசு, வட நாடுகளைக் குலைக்கக் காட்டிலுள்ள எல்ஃப் கலகக்காரர்களை உபயோகித்துக்கொள்கிறது. அணில் வாலைச் சின்னமாக அணிந்தவர்கள் அவர்கள். 'அவமதிப்பின் காலம்' (1995) நாவலில் பேரரசன் எம்ஹிர், டோல் பிளாதன்னாவை எல்ஃப்களுக்கே தந்துவிடுகிறான். ஃபிரான்செஸ்கா என்ற மந்திரக்காரி அதன் அரசியாகிறாள். மலர்ப் பள்ளத்தாக்கு திரும்பக் கிடைத்துவிட்டது. நிபந்தனை ஒன்று: அணில்களுக்கு அங்கே இடமில்லை. அதாவது, யார் செத்ததால் அந்த நாடு கிடைத்ததோ அவர்கள் அதற்குள் கால் வைக்கக் கூடாது. நில்ஃப்கார்டின் சேனையில் எல்ஃப்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவு இருந்தது. அதன் பெயர் விரிஹெத். எல்ஃப்களின் மொழியில் சுதந்திரம் என்று பொருள். போர் முடிந்து சமாதானம் பேசும்போது, அந்தப் படைப்பிரிவின் அதிகாரிகளை வட நாட்டு மன்னர்கள் குற்றவாளிகளாகக் கேட்கிறார்கள். கொடுத்துவிடுகிறார்கள். சுதந்திரம் என்ற பெயருடைய படையின் அதிகாரிகளைத் தூக்குமரத்துக்கு அனுப்பியதும் ஒரு சுதந்திர நாட்டின் விலையில் சேர்ந்துவிட்டது.

இவையெல்லாம் போலந்தின் சரித்திரத்துக்கு வேஷம் போட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு கதையை இன்னொன்றின் மறைபொருளாக மாற்றிவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும். ஆனால் 1948இல் லோட்ஸ் நகரில் பிறந்த ஒருவர், தானமாக வரும் சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது எந்த மண்ணில் நின்று எழுதுகிறார் என்பதை மறக்கவும் முடியாது.

1772, 1793, 1795 என்று மூன்று தடவை பங்கு போடப்பட்டுப் போலந்து வரைபடத்திலிருந்தே காணாமல் போனது. 1797இல் இத்தாலியில், பிரெஞ்சுப் படையின் நிழலில், போலிஷ் லெஜியன்கள் உருவாயின. தாய்நாட்டை மீட்பதற்காகச் சேர்ந்த அவர்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நெப்போலியன் 1802, 1803இல் செயின்ட் டொமிங்கோ தீவுக்கு அனுப்பினான். அங்கே விடுதலைக்காகப் போரிட்ட கறுப்பின மக்களை அடக்குவதுதான் அவர்களுக்கு இட்ட வேலை. பெரும்பாலோர் காய்ச்சலிலும் சண்டையிலும் செத்தார்கள். சிலர் எதிர்ப்பக்கம் சேர்ந்தார்கள். வெள்ளையர்கள் சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன ஹெய்ட்டியின் 1805 அரசியல் சட்டம் போலந்துக்காரர்களுக்கு விதிவிலக்கு அளித்தது. 1807இல் நெப்போலியன் வார்சா டச்சியை உண்டாக்கிக் கொடுத்தான். 1812இல் அவனோடு ரஷ்யாவுக்குப் போன போலந்துக்காரர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1815இல், கொடுத்தவன் வீழ்ந்ததும், கொடுத்ததும் போயிற்று.

பிறகு எழுச்சிகள். 1863 ஜனவரியில் தொடங்கியது காடுகளிலிருந்து நடத்தப்பட்ட போர். அடுத்த ஆண்டு அதன் தலைவர் ரோமுவால்ட் ட்ராவ்குட் வார்சாவில் தூக்கிலிடப்பட்டார். பதினைந்து பதினாறு வயதில் அதில் காயம்பட்டுச் சிறைக்குப் போன ஒரு பையன்தான் பின்னாளில் நாவலாசிரியர் பொலெஸ்லாவ் ப்ரூஸ். அவருடைய தலைமுறை துப்பாக்கியை வைத்துவிட்டு, தொழில், பள்ளிக்கூடம், மருத்துவம் என்று திரும்பியது. அதற்கு 'உயிர்ப்பான வேலை' என்று பெயர். ரஷ்ய ஆட்சி போலிஷ் மொழிக் கல்வியை நெருக்கியபோது, 1880களில் வார்சாவில் பெண்களுக்கான ரகசிய வகுப்புகள் வீடு வீடாக மாறி மாறி நடந்தன. பறக்கும் பல்கலைக்கழகம் என்று அவற்றைச் சொன்னார்கள். அங்கே படித்தவர்களில் ஒருவர் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா. பிறகு மேரி கியூரி. டார்க் திருடிய விதைகளைப் படிக்கும்போது எனக்கு இந்த வகுப்புகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. போர் வீரனுக்குப் பாட்டு உண்டு. விதை திருடியவனுக்கு இல்லை.

1944 ஆகஸ்டில் வார்சாவின் இளைஞர்கள் மறுபடியும் எழுந்தார்கள். 63 நாள். விஸ்துலா நதியின் எதிர்க்கரைக்கு வந்துவிட்ட சோவியத் சேனை நகரத்தைக் காப்பாற்றவில்லை. ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சம்வரை பொதுமக்கள் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். நான்காம் நாள் 23 வயதில் கவிஞர் பச்சின்ஸ்கி கொல்லப்பட்டார். அந்த எழுச்சியின்போது நகரத்தில் இருந்த மிரோன் பியாவோஷெவ்ஸ்கி 1970இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் வீரர்கள் முன்னால் நிற்பதில்லை; நிலவறைகளும் கழிவுநீர்ப் பாதைகளும் பயந்த ஜனங்களும் இருக்கிறார்கள். 1945இல் தலைமறைவு அரசின் பதினாறு தலைவர்கள் மாஸ்கோவில் விசாரிக்கப்பட்டார்கள். சில வாரங்களில் மேற்கு நேச நாடுகள் சோவியத்தின் ஆதரவு பெற்ற அரசை அங்கீகரித்தன. விரிஹெத் அதிகாரிகளை மேசைமேல் வைத்துக் கொடுத்த சமாதானம், கற்பனைக்கு எட்டாத ஒன்றல்ல.

இப்போது என் விவாதத்துக்கு வருகிறேன். சாப்கோவ்ஸ்கி தன் எல்ஃப்களுக்கு ஓர் உடற்கூற்று விதியை எழுதிவைத்திருக்கிறார்: இளமையில் மட்டுமே பிள்ளைப்பேறு. இதனால் ஏலிரெனின் தோல்வி மீட்க முடியாத தோல்வியாகிவிடுகிறது. வரலாற்றில் நடந்த ஒன்று இயற்கையின் தீர்ப்பு மாதிரி உறைந்துபோகிறது. கதையின் துயரத்துக்கு இது பலம். கேள்விக்கு இது அநியாயம். எந்த மக்கள் கூட்டத்துக்கும் அப்படியொரு விதி இல்லை. 1863இன் பிள்ளைகளை இழந்த போலந்து, 1918இல் நாடாயிற்று. மூன்று பேரரசுகளும் ஒரே போரில் சரிந்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் அவை சரிந்தபோது பொறுப்பை எடுத்துக்கொள்ள, மொழி தெரிந்த, பள்ளி நடத்தத் தெரிந்த, துப்பாக்கி பிடிக்கவும் தெரிந்த ஆட்கள் அங்கே இருந்தார்கள். அது அதிர்ஷ்டமல்ல.

இன்னொரு விஷயம். 1916 நவம்பரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு போலிஷ் முடியரசைப் பிரகடனம் செய்தன. அசல் டோல் பிளாதன்னா. அதுவரை ஆஸ்திரியாவின் பக்கம் நின்று போரிட்ட பில்சுட்ஸ்கியிடம் 1917இல் ஜெர்மானியச் சக்கரவர்த்தியின் கூட்டணிக்கு விசுவாசப் பிரமாணம் கேட்டார்கள். அவர் மறுத்தார். அவருடைய வீரர்களில் மிகப் பலரும் மறுத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர் மாக்டபர்க் சிறைக்குப் போனார். தானத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, விலை சொல்லப்பட்டதும் மறுத்தவர்கள் இவர்கள். ஃபிரான்செஸ்கா ஏன் மறுக்கவில்லை? அவளைத் துரோகி என்று சொல்லிவிடலாம், சுலபம். மறுத்தால் கூட நிற்பதற்கு அவளிடம் யார் இருந்தார்கள்? 200 ஆண்டுகளுக்கு முன் ஏலிரெனோடு போய்விட்டார்கள். அதற்காக ஏலிரெனைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. என் குறை அந்த மூத்தவர்களிடம்தான். அவர்கள் போரை ஏற்கவுமில்லை. இளைஞர்கள் போகாமல் இருக்கத்தக்க வேறொரு வழியை உண்டாக்கவுமில்லை. தனியே போக விட்டார்கள். பிறகு அவர்களை நினைத்துத் துக்கம் கொண்டாடினார்கள்.

விடுதலை கிடைத்தபின் என்ன என்பதையும் சாப்கோவ்ஸ்கி விட்டுவைக்கவில்லை. கடைசி நாவலில் வேறோர் உலகத்தில் எல்ஃப்கள் யாருக்கும் அடிமைப்படாமல் வாழ்கிறார்கள். அந்த உலகத்தில் சிரி மனித எலும்புகளின் குவியலைப் பார்க்கிறாள். 1930 இலையுதிர் காலத்தில் சுதந்திரப் போலந்தின் போலீஸும் ராணுவமும் கிழக்கு கலீசியாவின் உக்ரேனியக் கிராமங்களில் 'அமைதிப்படுத்தல்' நடத்தியதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒடுக்கப்பட்டிருந்தோம் என்பது எந்த இனத்துக்கும் நற்சான்றிதழ் ஆகிவிடாது.

எல்ஃப்கள் விடுதலை பெற முடியுமா? சாப்கோவ்ஸ்கி இல்லை என்கிறார். அவர் எழுதிவைத்த விதிப்படி அது சரி. அந்த விதியை எடுத்துவிட்டால் என் பதில் வேறு. பள்ளத்தாக்கை யாரோ ஒரு நாள் தருவார்கள். ஏதாவது ஒரு பேரரசுக்கு அது எப்போதாவது தேவைப்படும். அன்றைக்கு அதற்குக் கேட்கும் விலையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேர் உயிரோடு மிஞ்சியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அவர்களுக்குத் தின்ன ஏதாவது விளைந்திருக்கவும் வேண்டும்.