நியும்பானி குழந்தைகள் இல்லம்

நியும்பானி என்பது கென்யத் தலைநகர் நைரோபியின் கேரன் பகுதியில் உள்ள கத்தோலிக்கக் குழந்தைகள் இல்லம். எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்து, பெற்றோரை இழந்த அல்லது கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக இது 1992-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவைச் சேர்ந்த இயேசு சபைக் குருவும் மருத்துவருமான ஆஞ்சலோ டி’அகொஸ்தினோவும் (1926–2006), அயர்லாந்தைச் சேர்ந்த லொரேட்டோ சபை அருட்சகோதரி மேரி ஓவன்ஸும் இதை நிறுவினர். சுவாகிலி மொழியில் நியும்பானி என்றால் ‘வீட்டில்’ என்று பொருள். பின்னாளில் இல்லத்தோடு இரண்டு பணிகள் சேர்ந்தன. நைரோபியின் குடிசைப் பகுதிகளில் வாழும் தொற்றுள்ள குழந்தைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே சிகிச்சை கிடைக்கச் செய்யும் லெயா டோட்டோ திட்டம் 1998-இல் உருவானது. பெற்றோரை இழந்த குழந்தைகளும் பிள்ளைகளை இழந்த முதியோரும் சேர்ந்து வாழும் நியும்பானி கிராமம் 2006-இல் கிட்டுயியில் எழுந்தது. அயல்நாட்டில் குழந்தைகளைப் பேணும் கத்தோலிக்க மறைபணி எதனால் மதிப்புப் பெறுகிறது, எங்கே தவறக்கூடும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த மூன்று பணிகளின் வரலாற்றில் விடை இருக்கிறது. ஒரு நாளும் விட்டுப்போகாத அன்றாடப் பராமரிப்பே அப்பணியின் உயிர். அந்தப் பராமரிப்பைக் குழந்தையின் சொந்த மக்கள் கையில் ஒப்படைப்பதே அதன் நிறைவு.

பின்னணி

கென்யாவில் முதல் எய்ட்ஸ் நோயாளி 1984-இல் கண்டறியப்பட்டார். அரசு எய்ட்ஸைத் தேசியப் பேரிடராக அறிவித்ததோ 1999 நவம்பரில்தான். இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் நோயின் சுமை பெரும்பாலும் குடும்பங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் சமய நிறுவனங்கள் மீதும் விழுந்தது. நோயுற்றோருள் மிகவும் கவனிப்பாரற்றுப் போனவர்கள் கைக்குழந்தைகள். தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சை ஏதும் இல்லாதபோது, கருவிலோ பேறுகாலத்திலோ தாய்ப்பால் வழியாகவோ 15 முதல் 45 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்று பரவும். ஆனால், தாயின் உடலில் உருவான எதிர்ப்பொருள் தொற்றில்லாத குழந்தையின் இரத்தத்திலும் இருக்கும். அது முற்றிலும் மறைய 18 மாதம் வரை ஆகலாம். அன்று பரவலாகக் கிடைத்த பரிசோதனை எதிர்ப்பொருளை மட்டுமே காட்டியது. ஆகவே நோயே இல்லாத குழந்தையும் நோயாளி என்று முத்திரை குத்தப்பட்டது. வழக்கமான அநாதை இல்லங்கள் அக்குழந்தைகளை ஏற்க அஞ்சின. அமெரிக்க விமானப்படையில் அறுவை மருத்துவராக இருந்து, இயேசு சபையில் சேர்ந்து, 1966-இல் குருப்பட்டம் பெற்று, மனநல மருத்துவராகவும் விளங்கிய டி’அகொஸ்தினோ, சபையின் அகதிகள் பணிக்காக ஆப்பிரிக்கா வந்தவர். யாரும் ஏற்காத இந்தக் குழந்தைகளுக்கென்று தனி இல்லம் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அந்த இல்லம் செய்த முதல் மருத்துவம் மிக எளியது: குழந்தைக்கு உணவூட்டி, உடலைத் தேற்றி, 18 மாதம் பொறுத்திருந்து, மறுபடி சோதித்துப் பார்ப்பது. தொற்று இல்லை என்று தெளிந்த குழந்தைகள் தத்துக்கொடுக்கப்பட்டனர். சாகப்போவதாகக் கைவிடப்பட்ட ஒரு குழந்தை, யாரோ ஒருவர் ஒன்றரை ஆண்டு உடனிருந்ததாலேயே வாழ்வு பெற்றது.

அன்றாடப் பணி

மறைபணியாளரின் வாழ்க்கை என்றால் தொலைதூரப் பயணமும் வீரச் செயலும்தான் பலர் நினைவுக்கு வரும். குழந்தைகள் இல்லத்தில் அது சமையல், துணி துவைத்தல், மருந்து, பள்ளிக்கூடம், இரவுக் காவல் என்று நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும் வேலை. துறவியின் நாள் செபத்தோடும் திருப்பலியோடும் தொடங்குகிறது. அதன்பின் அது குழந்தைகளின் நாளாகிவிடுகிறது. நியும்பானியில் குழந்தைகள் பெரிய விடுதி மண்டபங்களில் அடைக்கப்படவில்லை. சிறுசிறு வீடுகளில் குழுக்களாக வளர்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா என்று அழைக்கப்படும் கென்யப் பெண் ஒருவர் பொறுப்பேற்கிறார். அயல்நாட்டுத் துறவியர் தொடங்கி வைத்த இல்லத்தில், குழந்தையின் மொழியில் பேசி, அதற்குப் பழகிய மக்காச்சோளக் களியையும் கீரையையும் பயறையும் ஊட்டி வளர்ப்பவர்கள் அந்நாட்டுப் பெண்களே. மறைபணியாளரின் உழைப்பில் பெரும்பகுதி, அவர்களுக்குச் சம்பளமும் மருந்தும் அரிசியும் மாவும் தடையின்றிக் கிடைக்கச் செய்வதில் செலவாகிறது.

இந்த ஒழுங்கை அன்பின் வெளிப்பாடு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. உயிரைக் காப்பதும் அதுதான். வைரஸைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துகள் எட்டாத நாட்களில் நிமோனியா, காசநோய், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பதுதான் குழந்தையைக் காக்கும் வழியாக இருந்தது. நேற்றுவரை விளையாடிய பிள்ளை இன்று சோர்ந்திருப்பதை, அதை நாள்தோறும் பார்ப்பவரால்தான் உணர முடியும். காக்க முடியாமற்போன பிள்ளைகளை அடக்கம் செய்வதும் அன்று அந்த வாழ்க்கையின் பகுதியாக இருந்தது. விலை மலிந்த கோ-டிரைமாக்சசோல் என்ற மருந்தை நாள்தோறும் கொடுத்தாலே தொற்றுள்ள குழந்தைகளின் இறப்பு 43 விழுக்காடு குறைகிறது என்று, 2004-இல் வெளியான சாம்பிய ஆய்வு நிறுவியது. மலிவான மருந்துதான், ஆனால் தினமும் தவறாமல் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். ஏ.ஆர்.டி. வந்தபின் அந்தத் தேவை இன்னும் கூடியது. குழந்தைகளுக்கான பல மருந்துகளைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தரவேண்டியிருந்தது. எடை கூடக்கூட அளவை மாற்ற வேண்டும். சில மருந்து நீர்மங்கள் கடுங்கசப்பானவை. குளிர்பெட்டியில் வைக்க வேண்டியவை. வேளை அடிக்கடி தவறினால் வைரஸ் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். கசப்பு மருந்தைத் துப்பும் மூன்று வயதுக் குழந்தையைச் சமாதானப்படுத்திக் குடிக்க வைப்பதற்கு எந்த ஆய்வகமும் மாற்றுக் கண்டுபிடித்துவிடவில்லை.

பிள்ளை வளர்ந்ததும் இன்னொரு கடமை வருகிறது. ‘நான் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும்?’ என்று அது கேட்கத் தொடங்கும். வயதுக்கேற்ப உண்மையைப் படிப்படியாகச் சொல்ல வேண்டும், பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைக்குத் தன் நிலை தெரிந்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அந்த உண்மையைச் சொல்வதற்கு, பிள்ளை பல ஆண்டுகள் நம்பிப் பழகிய ஒருவர் தேவை. சில வாரங்களுக்கு வந்து போகும் தன்னார்வலர்கள் எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவர்களாயினும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. ஒட்டிப்பழகிய முகங்கள் அடிக்கடி மறைவது பெற்றோரை இழந்த பிள்ளைக்கு மறுபடியும் இழப்பாகிறது. வாழ்நாளையே ஓரிடத்தில் தங்கிக் கொடுக்க முன்வரும் துறவற வாழ்வுமுறை இந்தப் பணிக்குப் பொருந்தி வருவது இதனால்தான்.

மருந்தும் பள்ளியும்

இல்லத்தின் நான்கு சுவருக்குள் நடக்கும் பராமரிப்பு, வெளியே உள்ள அநீதியை மறைத்துவிடும் என்பார்கள். நியும்பானியில் நேர்மாறானது நடந்தது. 2000-ஆம் ஆண்டளவில், ஒருவருக்கான ஏ.ஆர்.டி. மருந்துக்குக் காப்புரிமை பெற்ற நிறுவனங்கள் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்திருந்தன. இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக 2001 பிப்ரவரியில் முன்வந்தது. கென்யாவின் காப்புரிமைச் சட்டம் குறுக்கே நின்றபோதும், சிப்லாவின் மருந்தை இறக்குமதி செய்யப்போவதாக டி’அகொஸ்தினோ வெளிப்படையாக அறிவித்தார். அதே ஆண்டு, மலிவு மருந்துகளை இறக்குமதி செய்ய வழிவிடும் தொழிற்சொத்துச் சட்டம் கென்ய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குப் பலருடைய போராட்டம் காரணம். அதில் இந்த இல்லத்தின் குரலும் ஒன்று. மருந்தால் பிள்ளைகள் பிழைத்து வளர்ந்ததும் அடுத்த கதவு மூடியிருந்தது: நைரோபியின் பொதுப்பள்ளிகள் அவர்களைச் சேர்க்க மறுத்தன. நியும்பானி நீதிமன்றம் சென்றது. 2004 ஜனவரியில் அரசு அவர்களைப் பள்ளிகளில் சேர்க்க இணங்கியது. சாகும் குழந்தைக்குப் பள்ளி தேவைப்படாது. பள்ளிக்காக வழக்காட வேண்டிய நிலை வந்ததே, அன்றாடப் பராமரிப்பு வென்றதற்கு அடையாளம்.

எதிர்வாதங்கள்

இத்தகைய பணியின் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, இல்லம் என்ற அமைப்பே குழந்தைக்குக் கேடு என்பது. இதற்கு உறுதியான சான்று உண்டு. ருமேனியாவில் 2000-இல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். குடும்பத்தில் வளர்ந்தவர்களின் அறிவு வளர்ச்சி காப்பகத்தில் இருந்தவர்களைவிடத் தெளிவாக உயர்ந்ததை 2007-இல் வெளியான முடிவுகள் காட்டின. எவ்வளவு சிறு வயதில் குடும்பத்துக்குச் சென்றார்களோ அவ்வளவு நன்மை இருந்தது. குடும்பமே குழந்தைக்கு உரிய இடம், காப்பகம் வேறு வழியற்றபோது மட்டுமே என்பது 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்களின் சாரம். கென்ய அரசும் காப்பகங்களிலிருந்து குடும்பங்களை நோக்கி நகர 2022-இல் பத்தாண்டுத் திட்டம் வகுத்தது. இக்குற்றச்சாட்டை மறுப்பதற்கில்லை. ஆனால் 1992-இல் அந்தக் குழந்தைகளுக்கு முன்னிருந்த மாற்று, குடும்பம் அன்று; மருத்துவமனைக் கட்டிலும் மரணமும்தான். மாற்று ஒன்று சாத்தியமானதும் நியும்பானி தன் வேலையின் பெரும்பகுதியை இல்லத்துக்கு வெளியே கொண்டு சென்றது. கிபேரா, காங்கெமி போன்ற குடிசைப் பகுதிகளில் லெயா டோட்டோ மருத்துவ நிலையங்களை அமைத்து, பாட்டியிடமும் அத்தையிடமும் வளரும் பிள்ளைகளுக்கு அங்கேயே மருந்து கொடுத்தது. கிட்டுயியில் ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலத்தில் அமைந்த கிராமத்தில், தாத்தாவோ பாட்டியோ ஒருவர் ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் குடியிருக்கிறார். பேரப்பிள்ளைகளும் பிற பிள்ளைகளும் உடன்பிறந்தாராக வளர்கிறார்கள். இதுவும் முழுமையான குடும்பமாகிவிடாது. என்றாலும் காப்பகத்திலிருந்து குடும்பத்துக்குச் செல்லும் பாதையில் இது உண்மையான முன்னேற்றம்.

இரண்டாவது குற்றச்சாட்டு கத்தோலிக்கத் திருச்சபையின் சொந்த வரலாற்றிலிருந்து எழுகிறது. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் பிள்ளைகள் பல்லாண்டுகள் வதைக்கப்பட்டதை 2009-இல் வெளிவந்த ரயன் அறிக்கை அம்பலப்படுத்தியது. கனடாவில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அவர்களின் மொழியையும் மரபையும் அழிக்க முயன்ற உறைவிடப் பள்ளிகளில் பெரும்பாலானவை கத்தோலிக்க அமைப்புகளால் நடத்தப்பட்டவை. அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் அதைப் பண்பாட்டு இனவழிப்பு என்றே குறித்தது. இவற்றைத் தனிமனிதர் சிலரின் பிழை என்று தள்ளிவிட முடியாது. வெளியார் கண் படாத மூடிய கட்டடம், கேள்வி கேட்கப்படாத அதிகாரம், பெற்றோரும் உறவினரும் நுழைய முடியாத வாசல் என்னும் மூன்றும் சேர்ந்த இடத்தில் கொடுமை வளர்ந்தது. துறவாடையே பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நம்புவது ஆபத்து. அரசின் ஆய்வும் பதிவேடும் உறவினர் வருகையும் பிள்ளை தயங்காமல் புகார் சொல்லும் வழியும்தான் பாதுகாப்பு. பொதுப்பள்ளிக்குச் சென்றுவரும் பிள்ளையும் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளையும் பல கண்களின் பார்வையில் இருக்கிறார்கள். குடும்பத்தை நோக்கிய நகர்வுக்கு இது இன்னொரு வலுவான காரணம்.

மூன்றாவது, உதவி என்ற பெயரில் மதமாற்றம் நடக்கிறது என்பது. பசித்த குழந்தைக்கு முன் தட்டையும் வேதத்தையும் சேர்த்து நீட்டுவது அறமாகாது. யாரையும் வற்புறுத்தியோ தகாத வழிகளால் ஈர்த்தோ விசுவாசத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட மறைபணி ஏடே விதித்திருக்கிறது. அந்த விதி குழந்தைகள் விஷயத்தில் இருமடங்கு கண்டிப்போடு பின்பற்றப்பட வேண்டும். இதோடு, ஆணுறையை எதிர்த்த திருச்சபை எய்ட்ஸ் தடுப்புக்குத் தடையாக இருந்தது என்ற விமர்சனமும் நியாயமான வருத்தத்திலிருந்து எழுவது. ஆனால் தடுப்பு பற்றிய அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், தொற்றோடு ஏற்கெனவே பிறந்துவிட்ட குழந்தைக்கு மருந்தும் மடியும் வேண்டும் என்ற கடமை மாறுவதில்லை.

மதிப்பீடு

டி’அகொஸ்தினோ 2006 நவம்பர் 20 அன்று நைரோபியில் காலமானார். அவருக்குப்பின் மேரி ஓவன்ஸின் தலைமையில் பணி தொடர்ந்தது. நிறுவனர் மறைந்தபின்னும் மருந்து வேளை தவறவில்லை என்பதே அவர் அமைத்த ஒழுங்கின் உறுதி. அயல்நாட்டுக் குழந்தைகளுக்கு உதவ விரும்புவோர் பெரும்பாலும் கட்டடத்தையும் அதில் தங்கியிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்தே பணம் தருகிறார்கள். அந்தப் பழக்கம் இல்லங்களைப் பெருக்குமே தவிர, குடும்பங்களைத் தாங்காது. ஓர் இல்லத்துக்கு நன்கொடை தருமுன், அங்கே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதோடு, அங்கிருந்து எத்தனை பேர் மருந்தோடும் படிப்போடும் தங்கள் உறவினரிடம் திரும்பியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை சொல்லும் இல்லமே உதவிக்கு உரியது.