மேரி அரசியும் மடங்களின் நிலமும்

1553ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆம் தேதி மேரி டியூடரை இங்கிலாந்தின் அரசியென்று இலண்டன் மாநகரில் பிரகடனம் செய்தபோது, கோவில் மணிகள் முழங்க, வீதிகளில் தீ வளர்த்து ஜனங்கள் ஆரவாரித்தனர். தாயார் காதரீனைத் தந்தை எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த காலந்தொட்டு அவமானத்தையே பெரும்பாலும் உண்டு வளர்ந்த அந்த 37 வயதுப் பெண்மணி, எதிரிகள் ஜேன் கிரேயை அரியணையில் ஏற்றிய பின்னும் தமக்குக் கிட்டிய இவ்வெற்றியைத் தெய்வ சங்கற்பமென்றே கொண்டார். பாப்பரசரின் ஆதீனத்திலிருந்து பிரிந்த தேசத்தை மீண்டும் அதனுள் சேர்ப்பதே தம் ஜன்மத்தின் காரணமென அவர் நம்பியதில் வியப்பில்லை.

ஆனால் இதில் ஒரு விநோதம் உண்டு. தந்தை இயற்றிய சட்டத்தால் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை அரசியாருக்கே உரியதாயிற்று. அந்தப் பட்டத்தை அவர் மகாபாதகமாகக் கருதி வெறுத்தார். எனினும் தம்பி ஆறாம் எட்வர்டின் காலத்தில் விவாகம் செய்துகொண்ட குருமார்களை 1554 மார்ச்சில் பதவியினின்று நீக்க ஆணையிட்டது அந்த அதிகாரத்தைக் கொண்டுதான். எட்வர்டின் மதச் சட்டங்களை ரத்து செய்ததும் பார்லிமெண்டே. அரசர் கட்டியதை அரசரின் கருவிகளாலேயே இடிக்க வேண்டியிருந்தது.

சட்டத்தைக் காட்டிலும் ஊர்ப்புறத்துக் கோவில்களின் கதை சுவையானது. கல் பலிபீடங்களைப் பெயர்த்து மரமேசை இட்டிருந்தனர், சுரூபங்கள் உடைபட்டன, வெள்ளிப் பாத்திரங்கள் அரசாங்கக் கஜானாவுக்குப் போயின. இப்போது பலிபீடம், பாடுபட்ட சுரூபம், பூசைப் புஸ்தகம், பூசை உடுப்பு யாவும் வேண்டுமென்று கட்டளை பிறக்க, அத்தனைக்கும் செலவு ஏழைப் பங்குகளின் தலையிலேயே விழுந்தது. டெவன்ஷயரில் ஆடு வளர்த்துப் பிழைத்த மோர்பாத் என்னும் சிற்றூரில், 1520 முதல் 1574 வரை குருவாக இருந்த கிறிஸ்டோபர் டிரிக்கி என்பவர் எழுதிவைத்த கோவிற் கணக்குகள் இன்றும் உள்ளன. எட்வர்டின் ஆட்சியில் கைப்பற்றப்படாதபடி குடியானவர்கள் தத்தம் வீடுகளில் ஒளித்து வைத்திருந்த பொருள்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஒப்புவித்த செய்தியை அக்கணக்கு மகிழ்ச்சியோடு குறித்திருக்கிறது. இங்கிலாந்து முழுவதும் புரோட்டஸ்டண்டாய் மாறிவிட்டிருந்ததென எண்ணுவோர் இக்கணக்கை ஒருமுறை பார்ப்பது நலம்.

ஒளித்தவை திரும்பி வந்தன, விற்றவை வரவில்லை. ஹென்றி 1536 முதல் 1540 வரை கலைத்த ஏறக்குறைய 800 மடங்களின் நிலபுலன்கள் பிரபுக்கள், கனவான்கள், வணிகர்கள் ஆகியோர் கைக்கு மாறியிருந்தன. வாங்கியவர்களில் பழைய மதத்தில் பற்றுடையோரும் பலர். பூசைக்கு மண்டியிடுவதில் அவர்களுக்குத் தடையில்லை, பத்திரத்தைத் திருப்பித் தருவதில்தான் தடை. இக்காரணத்தை முன்னிட்டே பாப்பரசரின் தூதரான கர்தினால் ரெஜினால்டு போல் நெடுங்காலம் அயல்நாட்டில் காத்திருக்க நேர்ந்தது. நிலத்தை இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுவதென்ற உறுதி கிடைத்த பின்னரே அவர் கரையேறி, 1554 நவம்பர் 30ஆம் தேதி, அர்ச்சியசிஷ்ட பெலவேந்திரர் திருநாளன்று, முழந்தாளிட்டிருந்த பார்லிமெண்டாருக்குப் பாவ விமோசனம் அளித்தார். தேசத்தின் ஆத்துமா அன்று ரோமாபுரியுடன் சமாதானமாயிற்று. அதன் நிலமோ ஆகவில்லை. அரசியார் தம் கையிலிருந்த திருச்சபை வருமானத்தையாவது விட்டுக்கொடுத்தார். 1556 நவம்பரில் ஜான் பெக்கன்ஹாமைத் தலைவராகக் கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் மடம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அவ்வாறு புத்துயிர் பெற்ற மடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பதிதர்களைச் சுட்டெரித்த கொடுமையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அரசியாரின் பெயரோடு அது என்றும் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1555 பிப்ரவரியில் ஜான் ராஜர்ஸ் முதற்கொண்டு ஏறக்குறைய 280 பேர் மாண்டனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் பெண்கள். நெசவாளர், கூலியாட்கள் போன்ற எளியவர்கள் மிகுதி. தம் பழைய கொள்கைகளை மறுத்து ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட, முன்பு கான்டர்பரி அதிமேற்றிராணியாராயிருந்த கிரான்மரை 1556இல் அப்படியும் எரித்தது, பாவத்தோடு புத்தியீனமும் ஆகும். ஏனெனில் தம் மறுப்பையே மறுத்து, கையெழுத்திட்ட வலக்கரத்தை முதலில் தீயில் நீட்டி, தோற்றவராய் வந்த அந்த முதியவர் வென்றவராய் மாண்டார்.

இதற்கிடையே 1555இல் பட்டமேற்ற பாப்பரசர் நாலாம் பவுல், அரசியாரின் கணவர் பிலிப்போடு யுத்தத்தில் இறங்கி, போலின் தூதுப் பதவியைப் பறித்து, அவரை விசாரணைக்காக ரோமாபுரிக்கு அழைத்தார். பாப்பரசரின் அதிகாரத்துக்காகவே பிராணனைக் கொடுக்கத் துணிந்த மேரி, போலை அனுப்ப மறுத்துவிட்டார். இருவரும் 1558 நவம்பர் 17ஆம் தேதி, சில மணி நேர இடைவெளியில் காலமாயினர். அடுத்த ஆண்டு தங்கை எலிசபெத்தின் சட்டங்கள் பழைய ஏற்பாட்டைக் கலைக்க, வெஸ்ட்மின்ஸ்டர் சந்நியாசிகள் வெளியேறினர். டிரிக்கி அடிகளோ அதே கோவிலில், புதிய ஜெபப் புஸ்தகத்தை வாசித்துக்கொண்டு ஊழியத்தைத் தொடர்ந்தார். போல் கூட்டிய இலண்டன் சங்கம், மேற்றிராசனக் கோவில்தோறும் இளைஞர்களைக் குருத்துவத்துக்குப் பயிற்றும் பள்ளி அமைய வேண்டுமென்று 1556இல் தீர்மானித்திருந்தது. அத்தகைய ஏற்பாட்டை 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் கத்தோலிக்க உலகம் முழுமைக்கும் விதித்தபோது, இங்கிலாந்தில் எலிசபெத்தின் சட்டங்கள் நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.