மனை சிறிது, முற்றம் பெரிது

ஒரு குடும்பத்துக்கு எத்தனை குழந்தைகள் போதும்? அக்குழந்தைகள் நலமுடன் வளர எவையெவை வேண்டும்? அவர்கள் எங்கே, யாரோடு விளையாடுவர்? இம்மூன்று வினாக்களையும் அறிஞர்கள் தனித்தனியே வைத்து ஆராய்வதுண்டு. சீத்தா கேம்ப்பில் வாழும் நமக்கோ இவை மூன்றும் ஒரே வினாவாக வந்து நிற்கின்றன. நம் வீடுகளில் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது; மனையோ தொடக்கம் முதலே சிறிது. இரண்டுக்கும் நடுவே வளரும் பிள்ளைக்குத் தோழமையும் திறந்த வெளியும் எங்கிருந்து வரும் என்பதைச் சற்றே வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது, ஆண்டு விழாக் கொண்டாடும் இவ்வேளையில் நமக்குப் பயன் தரும் என நம்புகிறோம்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடும். காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கும் முதற் பருவங்களில் குழந்தை தாயின் மடியிலும் தொட்டிலிலும் இருக்கும். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களோ சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல் என வரும். சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைச் சிறுவன் சிதைப்பதும், பறை முழக்கித் தெருவில் திரிவதும், தேர் உருட்டிச் செல்வதும், ஆற்றில் நீராடுவதும் வீட்டின் நான்கு சுவருக்குள் நடப்பன அல்ல. தனியொரு குழந்தையால் ஆவனவும் அல்ல. மடியில் தொடங்கும் வளர்ச்சி, வெளியில், பிறரோடு கூடியே நிறைவெய்தும் என்பது நம் முன்னோர் கண்ட முறை. சங்கப் பாடல்களில் தலைவியோடு விளையாடும் தோழியர் கூட்டத்துக்கு ஆயம் என்றே ஒரு தனிச் சொல் வழங்குகிறது.

அக்காலத்துக் குடும்பங்கள் பெரியவை. ஆறு, எட்டு எனப் பிள்ளைகள் பிறந்தனர். இதனைப் பொற்காலம் என்று எண்ணி மயங்குதல் கூடாது. 1951ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 146 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. எத்தனை பிழைக்கும் என்று அறியாத தாய், பலவற்றைப் பெற்றாள். பெரிய குடும்பத்தின் பின்னே பல வீடுகளில் ஒரு சிறு குழிமேடும் இருந்தது. பிழைத்த பிள்ளைகளுக்கு மட்டும் அண்ணன், அக்காள், சித்தப்பா மகன், அத்தை மகள் என்று வாசலிலேயே ஓர் ஆயம் வாய்த்தது.

பிழைப்பைத் தேடி மும்பைக்கு வந்த தமிழர், பாட்டியையும் முற்றத்தையும் ஊரில் விட்டே வந்தனர். அவர்கள் வந்த நகரம் திறந்த வெளியின் அருமையைத் துன்பத்தின் வாயிலாகக் கற்ற நகரம். 1896இல் மும்பையில் கொள்ளைநோய் பரவியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோயை வளர்த்தன எனக் கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவிற்று. அதன் திட்டப்படி எழுந்தவையே தாதர், மாட்டுங்கா பகுதிகள். அகன்ற சாலைகளும் நிழல்மரங்களும் ஐந்து தோட்டங்கள் எனப்படும் பூங்காக்களும் அங்கே அமைந்தன. மாட்டுங்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் அப்பூங்காக்களின் நிழலைப் பெற்றனர். தோல் பதனிடும் தொழிலைச் செய்யத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கோ அத்தகைய பூங்கா எதுவும் வாய்க்கவில்லை. மொழியால் ஒன்றாயினும் திறந்த வெளியின் பங்கீட்டில் நம்மவர் ஒன்றாக இல்லை.

சீத்தா கேம்ப்பின் வரலாறு, மான்குர்துக்கு அருகே இருந்த ஜனதா காலனியிலிருந்து தொடங்குகிறது. நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்கள் சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில் அங்கே குடியமர்த்தப்பட்டனர். அதன் அருகில் 1954இல் அணுசக்தி நிலையம் எழுந்தது. 1967இல் அது பாபா அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த ஜோக்கின் அற்புதம் என்னும் இளைஞர் 1963இல் மும்பைக்கு வந்து, தச்சுத் தொழில் செய்து, ஜனதா காலனியில் தங்கினார். பின்னாளில் தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பைத் தோற்றுவித்து, 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2018இல் மறைந்தவர் அவரே.

அவருடைய பொதுப்பணி பெரியோரைக் கூட்டித் தொடங்கவில்லை. தெருவில் திரிந்த சிறுவரைச் சேர்த்துப் பாட வைத்ததிலும், அவர்களுக்கு ஒரு பள்ளி நடத்தியதிலும் தொடங்கியது. காலனியில் குப்பை மலைபோற் குவிந்து கிடந்த நாளில், சிறுவர் ஒவ்வொருவரும் சிறிது குப்பையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் போட்டுத் திரும்பினர். குப்பை அள்ளுதல் யாருடைய கடமை என்பதை அதிகாரிகளுக்கு உணர்த்தியவர்கள், விளையாட்டும் பாட்டுமாகக் கூடிய அந்தப் பிள்ளைகள்தாம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஒரே மொழியினரும் அல்லர். வெளியில் கூடியதால் ஒரு குடும்பமானவர்கள் அவர்கள். நம் குடியிருப்பின் முதல் பெருங்குடும்பம் அதுவே எனக் கொள்ளலாம்.

1975 ஜூன் திங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நீதிமன்றத்திலும் தில்லியிலும் ஆண்டுக்கணக்கில் போராடித் தடுத்து வந்த வெளியேற்றம், 1976 மே திங்களில் நடந்தேறியது. சுமார் 70,000 மக்கள் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்டு, கடற்கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் குடியேற்றப்பட்டனர். அதுவே நம் சீத்தா கேம்ப். ஒரு குடும்பம் உண்ணவும் உறங்கவும் ஓர் அறையளவே ஆன மனைகள் வழங்கப்பட்டன. வீட்டில் எத்தனை பேர் இருப்பினும் மனை ஒன்றே.

அதே 1976இல் தான் குடும்பத்தின் அளவையும் அரசு ஆணையால் சுருக்க முற்பட்டது. 1976–77இல் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுட் பலவற்றின் பின்னே வற்புறுத்தலும் அச்சமும் இருந்தன. மகாராஷ்டிர சட்டமன்றம் கட்டாயக் கருத்தடைக்கென ஒரு மசோதாவையே நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவு கிட்டாமையால் அது சட்டமாகவில்லை. மனையும் சிறிதாயிருக்க வேண்டும், குடும்பமும் சிறிதாயிருக்க வேண்டும் என்று இரு கட்டளைகள் ஓராண்டில் ஏழை மக்களின் தலையில் ஏறின. சிறு மனையில் பிறக்கும் குழந்தை எங்கே ஓடியாடும் என்று கேட்பார் அன்று அரசில் இல்லை.

குடும்ப அளவைச் சுருக்கியது அந்தக் கட்டாயம் அன்று என்பதை வரலாறு காட்டுகிறது. 1921இல் ரகுநாத் கார்வே மும்பையில் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கியபோது ஏளனமே அவருக்குப் பரிசாயிற்று. பிள்ளைப்பேற்றைத் தீர்மானிக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு எனத் தந்தை பெரியார் தமிழகத்தில் முழங்கினார். 1949இல் தன்வந்தி ராமராவ் முதலானோர் இதே மும்பையில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். தமிழ்நாட்டில் பெண் கல்வி பரவியது. திருமண வயது உயர்ந்தது. தடுப்பூசி ஊர்தோறும் சென்றது. காமராசர் காலத்தில் 1956இல் விரிவடைந்த பள்ளி மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் குழந்தைகளைப் பள்ளிக்கு ஈர்த்தன. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி பிறந்ததும், தாய்மார் தாமே எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டனர். கட்டாயமின்றியே பிறப்பு விகிதம் குறையலாம் என்பதற்குக் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் அமர்த்தியா சென் சான்றாகக் காட்டினார்.

1951ஆம் ஆண்டையொட்டி இந்தியத் தாய் ஒருத்தி சராசரியாக ஏறத்தாழ 6 குழந்தைகளைப் பெற்றாள். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்த எண் நாட்டளவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8, மகாராஷ்டிரத்தில் 1.7. சிசு மரணம் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரத்துக்குத் தமிழ்நாட்டில் 13ஆகவும் மகாராஷ்டிரத்தில் 16ஆகவும் குறைந்திருந்தது. இது மகிழத்தக்க மாற்றம். தட்டில் விழும் சோறு கூடிற்று. பள்ளிக் கட்டணத்துக்கு வழி பிறந்தது. தாயின் உடல் தேறியது. பெரிய குடும்பத்துக்குத் திரும்புவோம் என்று இங்கே நாம் சொல்ல வரவில்லை.

ஆயினும் பெற்றதோடு இழந்ததையும் எண்ணிப் பார்ப்பதே முறையான கணக்கு. ஒரு குழந்தையோ இரு குழந்தைகளோ உள்ள வீட்டில், மூத்தோரைப் பார்த்துக் கற்றலும் இளையோரைத் தூக்கிச் சுமத்தலும் அரிதாகிவிட்டன. அடுத்த தலைமுறையில் சித்தப்பா, பெரியம்மா, மாமா என்னும் உறவுகளே சில வீடுகளில் இல்லாமற் போகும். தந்தை வேலைக்கு, தாயும் வேலைக்கு. பிள்ளை ஓரறையில் கைப்பேசியோடு. சந்தில் வண்டிகள் நிற்கின்றன. மகளை வெளியில் விட அஞ்சுகிறோம். மும்பையில் ஒருவர் பங்குக்குக் கிட்டும் திறந்த வெளி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டரே எனக் கணக்கிட்டுள்ளனர். அதுவும் எல்லார்க்கும் ஒப்ப அமையவில்லை.

இதனால் விளையும் கேடு உள்ளத்தோடு நில்லாது உடலையும் சாரும். 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் களைக்கும் இயக்கம் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவு மாணவரைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கச் செய்தனர். மூன்றாண்டு முடிவில் கிட்டப்பார்வைக் குறை தோன்றியோர் அப்பிரிவில் நூற்றுக்கு 30 பேர். மற்றப் பிரிவிலோ 40 பேர். 2015இல் வெளியான இம்முடிவு, வெயில் வெளிச்சமும் கண்ணுக்கு மருந்தாகும் என்பதை உணர்த்திற்று. இம்மருந்துக்கு விலையில்லை; அதை உண்ண இடமும் துணையும் மட்டுமே வேண்டும்.

இடம் இல்லை என்று நாம் சோர்வதற்கில்லை. நம் குடியிருப்பின் ஓரத்திலேயே தாணே கழி கிடக்கிறது. ஆண்டுதோறும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் அக்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. தாராவியின் அருகே நகரக் குப்பை கொட்டிய மேட்டில் மரம் நட்டு வளர்த்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா 1994இல் திறக்கப்பட்டது. குப்பைமேடும் மனிதர் முயன்றால் காடாகும் என்பதற்கு அது கண்கூடான சான்று. ஒரு பேருந்துக் கட்டணத்தில் நம் பிள்ளைகள் காணக்கூடிய காட்சிகள் இவை.

துணைக்கும் பஞ்சமில்லை. ஊரில் ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனவர் நாம். காணும் பொங்கலன்று கடற்கரையையும் தோப்பையும் நாடி உற்றாரோடு கூடி உண்டவர் நாம். நிலவொளியில் மொட்டைமாடியில் பிள்ளைகளை வட்டமாக அமர்த்தி நிலாச்சோறு உருட்டிக் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார். இவற்றை வெறும் பண்டிகைச் சடங்கென எண்ணிவிட்டோம். வீட்டின் எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளுக்கு உறவைப் பெருக்கித் தரும் ஏற்பாடுகள் இவை. குடும்பம் சுருங்கும் காலத்தில் இவற்றின் தேவை முன்னினும் பெரிது.

ஆதலின் நம் சங்கத்தின் முன்னும் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் சில வேண்டுகோள்களை வைக்கிறோம். திங்களுக்கு ஒரு ஞாயிறு, குடியிருப்பின் பிள்ளைகள் அனைவரும் பெரியோர் துணையோடு கழியோரத்துக்கோ பூங்காவுக்கோ கடற்கரைக்கோ கூடிச் செல்லட்டும். கட்டுச்சோற்றைப் பகிர்ந்து உண்ணட்டும். மூத்த பிள்ளைகளிடம் இளைய பிள்ளைகளின் பொறுப்பு ஒப்படைக்கப்படட்டும். உடன்பிறப்பு இல்லாத பிள்ளைக்கு அங்கே ஓர் அண்ணனும் தங்கையும் கிடைப்பர். ஆண்பிள்ளைகளை மட்டும் அனுப்பிப் பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்தும் வழக்கம் வேண்டா. துணைக்குத் தாய்மார் நால்வர் சென்றால் அச்சம் தீரும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று வழிபாட்டால் வேறுபட்டாலும் நாம் ஒரே சந்தில் வாழ்பவர்கள்; அடுத்த வீட்டு மராத்தியப் பிள்ளையும் உருதுப் பிள்ளையும் நம் வரிசையில் நடக்கட்டும். எஞ்சியுள்ள விளையாட்டுத் திடலில் வண்டியும் கடையும் குப்பையும் ஏறாமற் காப்பதைச் சங்கம் தன் நிலையான பணியாகக் கொள்ளட்டும்.

குழந்தைகள் எத்தனை என்பதை அந்தந்த வீட்டுத் தாயும் தந்தையும் தீர்மானிக்கட்டும். அதில் அரசும் அயலாரும் தலையிட வேண்டுவதில்லை. பிறந்த குழந்தைக்கு விளையாட வெளியும் கூடத் தோழரும் உண்டா என்பதோ ஒரு வீடு தனித்துத் தீர்க்கக்கூடிய காரியம் அன்று. அது ஊரார் அனைவரின் கடமை. குப்பைப் பொட்டலம் சுமந்து நடந்த ஜனதா காலனிச் சிறுவரின் வழித்தோன்றல்கள் நம் பிள்ளைகள். அவர்களுக்கு மனையைப் பெரிதாக்கித் தர நம்மால் இயலாமற் போகலாம். முற்றத்தைப் பெரிதாக்கித் தருவது நம் கையில் இருக்கிறது.