அழுத்தக் குழாய்களின் ஆயுட்கணிப்பு

கனநீர் அணு உலைகளில் யுரேனிய எரிபொருளையும் அதைக் குளிர்விக்கும் கனநீரையும் தாங்கி நிற்கும் குழாய்கள் எவ்வளவு காலம் பழுதின்றி உழைக்கும், எவற்றை எப்போது சோதிக்க வேண்டும் என்பதைக் கணித மாதிரிகளால் முடிவு செய்யும் முறை. கல்பாக்கத்தில் உள்ளது போன்ற 220 மெகாவாட் உலை ஒன்றில் இத்தகைய அழுத்தக் குழாய்கள் 306 உண்டு. கதிர்வீச்சு கடுமையாக இருப்பதால், உலையை நிறுத்தினாலும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது. எந்தக் குழாயைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கவே கணக்கு தேவைப்படுகிறது.

சிர்க்கோனியக் கலவையாலான ஒவ்வொரு அழுத்தக் குழாயும் கலாண்ட்ரியா குழாய் என்ற வெளிக்குழாய்க்குள் கிடக்கிறது. இரண்டும் ஒட்டாமலிருக்க நடுவே சுருள்வில் வளையங்கள் உண்டு. வெப்பம், அழுத்தம், நியூட்ரான் மோதல் மூன்றும் சேர்ந்து உள்குழாயை ஆண்டுக்கணக்கில் தொய்ய வைக்கின்றன. கனநீரிலிருந்து, ஹைட்ரஜனின் கன வடிவமான டியூட்டீரியமும் உலோகத்துக்குள் மெல்ல ஏறுகிறது. வளையம் இடம் நகர்ந்துவிட்டால் சூடான உள்குழாய் குளிர்ந்த வெளிக்குழாயைத் தொடும். ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் குளிர்ந்த இடத்தை நாடிச் செல்பவை. அங்கே குவிந்து, எளிதில் நொறுங்கும் ஹைட்ரைடு கொப்புளமாகி விரிசலுக்கு வித்திடும்.

கனடாவின் பிக்கரிங் நிலையத்து 2ஆம் உலையில் 1983 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது இதுதான். ஒரு குழாய் ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. குழாய் உடைவதற்கு முன் கசிந்து எச்சரிக்கும் என்று பொறியாளர்கள் நம்பியிருந்தார்கள். அது கசியவில்லை. உலை பத்திரமாக நிறுத்தப்பட்டாலும், ஆயுட்கணிப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று.

இன்றைய மாதிரி மூன்று கணக்குகளைக் கோக்கிறது: குழாய் எந்த ஆண்டில் வெளிக்குழாயைத் தொடும், அப்போது அதில் ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கும், விரிசல் எவ்வளவு வேகமாக வளரும். கடைசிக் கணக்கு நேரப் போட்டி. விரிசல் ஆபத்தான நீளத்தை எட்டுவதற்குள், குழாய்களுக்கு இடையே ஓடும் வாயுவின் ஈரத்தைக் கொண்டு கசிவைக் கண்டு உலையை நிறுத்தியாக வேண்டும். வளைய இருப்பிடம், உலோகத்தின் தன்மை, கருவியின் கண்ணுக்குத் தப்பும் குறைபாடு எதுவுமே துல்லியமாகத் தெரியாததால், விடை ஓர் ஆண்டாக வராது, நிகழ்தகவாகவே வரும்.

அந்த நிகழ்தகவைக் கூர்மையாக்குவது ஆய்வுக் கருவிகளின் வேலை. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பார்சிஸ் கருவி, குழாய்க்குள் சென்று மீயொலியால் விரிசலையும் சுழல் மின்னோட்டத்தால் வளைய இருப்பிடத்தையும் அறிகிறது. குழாயைக் கழற்றாமலே மெல்லிய சீவல் எடுத்து ஹைட்ரஜனை அளக்கும் முறையும் உண்டு. ஒவ்வோர் அளவும் பேய்ஸ் விதிப்படி பழைய கணிப்பைத் திருத்துகிறது. அளவு வந்து சேராத மாதிரியை வெறும் ஊகம் என்றே சொல்லலாம்.

இயற்பியல் சரியாக இருந்தும் மாதிரி ஏமாற்றலாம். குஜராத்தின் காக்ராபார் 1ஆம் உலையில் பழைய குழாய்களை மாற்றி, டியூட்டீரியத்தைக் குறைவாக ஏற்கும் நயோபியம் கலந்த குழாய்களைப் பொருத்தியிருந்தார்கள். ஹைட்ரஜன் கணக்கில் அவை இளங்குழாய்கள். ஆயினும் 2016 மார்ச் 11 அன்று ஒரு குழாய் கசிந்தது. ஆராய்ந்தபோது வெளிப்புறத்தில் அங்கங்கே, அந்த மூன்று கணக்குகளிலும் இடம்பெறாத அரிப்புப் புள்ளிகள் தென்பட்டன. குழாய்கள் மீண்டும் மாற்றப்பட்ட பிறகு, 2019இல்தான் அந்த உலை மின்தொகுப்புக்குத் திரும்பியது.