மதுரைக் கால்

ஆனைக்கால் வேறு, மதுரைக் கால் வேறு. முன்னது நுளம்பு காவிவரும் புழுவால் வருவது. பின்னது மண்ணிலுள்ள கிருமி முள்ளுக்குத்து வழியே ஏறுவதால் வருவது. மதுரை மருந்தகத்தில் கில் என்ற மருத்துவர் 1842இல் இதைப் பதிவுசெய்தார். 1846இல் கோல்புரூக் என்ற மருத்துவர் நோய்க்கு ஊரின் பெயரையே சூட்டினார். 1860 அளவில் பம்பாயில் மருத்துவர் வான்டைக் கார்ட்டர் இதில் பூஞ்சையைக் கண்டு ‘மைசெட்டோமா’ என்றார். கிரேக்கத்தில் அதன் பொருள் பூஞ்சைக் கட்டி. பக்டீரியாவாலும் இது வரும் என்பது பின்னர்தான் தெளிவானது. மதுரெல்லா என்ற பூஞ்சை, அக்டினோமதுரா என்ற பக்டீரியா, இரண்டின் பெயரிலும் மதுரை ஒட்டிக்கொண்டது. பழம்பெரும் நகருக்கு இது அநியாயம். சூடானிலும் மெக்சிகோவிலும் விவசாயிகள் இதே நோயால் கால் இழக்கிறார்கள்.

முதலில் நோகாத கட்டி. பிறகு துளைகள், சீழோடு கறுப்பு, வெள்ளை அல்லது சிவப்பு நிறத்தில் பொடிமணிகள். கறுப்பென்றால் பூஞ்சை, சிவப்பென்றால் பக்டீரியா. நோவில்லை என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட, அது எலும்பை அரித்துவிடும். ஊர்காவற்றுறையில் வடலிகளுக்குள் வெறுங்காலோடு விறகு பொறுக்குபவருக்கு, முள்ளுக் குத்திய இடத்தில் கட்டி எழும்பினால் மஞ்சள் பூசிக் காத்திருக்கக் கூடாது. வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பக்டீரியா வகை மருந்துக்கு நன்றாகக் கேட்கும். பூஞ்சை வகைக்கு மாதக்கணக்கில் மாத்திரையும், பெரும்பாலும் சத்திரசிகிச்சையும் தேவைப்படும்.